ஓட விரும்பாத பிள்ளை

இந்த இதழின் பெற்றோர் பாடத்துக்கு எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு 'பிள்ளைகளை ஊக்குவிப்பது எப்படி' என்பதுதான். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறவனுக்கு அதில் நாலு பக்கம் எழுதுவது பெரிய வேலையில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. காரணம் என் வீட்டு ஹாலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். என் இரண்டாவது பிள்ளை. வயது 13, படிவம் ஒன்று. ஊக்கம் என்று நான் கொடுத்த எதையும் அவன் வாங்கிக்கொண்டதே இல்லை. அதனால் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டேன். தங்கள் பிள்ளையைப் பற்றி இரவில் தூங்காமல் யோசிக்கிற ஒரு சிலருக்காவது இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அவனைப் புரியவைக்க ஒரு சம்பவம் போதும். ஆண்டு நான்கில், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நாள். 100 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். பக்கத்துத் தடத்தில் ஓடிய நண்பனின் சப்பாத்து கழன்றுவிட்டது. இவன் நின்றான். நண்பன் சப்பாத்தை மாட்டி முடிக்கும் வரை நின்று, பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து வந்து கோட்டைத் தாண்டினார்கள். தாண்டும்போது எனக்குக் கை வேறு காட்டினான்! கூடாரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், ஆனால் முகம் சூடாகிவிட்டது. காரில் ஏறியதும் அவன் கேட்டது, "அப்பா, ஐஸ் கச்சாங் சாப்பிடலாமா?"

அவன் குறும்புக்காரன் இல்லை. எதிர்த்துப் பேச மாட்டான். ஐந்து கணக்கு போடச் சொன்னால் ஐந்து போடுவான். ஆறாவது கணக்கு அதே பக்கத்தில் இருந்தாலும் கண் அந்தப் பக்கம் போகாது. காலையில் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான், இரவில் சிரித்துக்கொண்டே படுப்பான். "படிப்பு வரலேன்னா பரவாயில்ல, வேற ஏதாவது திறமை இருக்கும், அதைக் கண்டுபிடிங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். நாங்கள் தேடாமலா இருந்தோம்? மிருதங்கம் ஆறு மாதம், சிலம்பம் ஒரு வருடம், காற்பந்து நாலு வாரம். மகிழ்ச்சியாகப் போனான், மகிழ்ச்சியாகவே நின்றுகொண்டான். மறைந்திருக்கிற திறமை என்று ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் இருந்தே தீர வேண்டும் என்பதும் நாம் செய்கிற ஒருவகை வற்புறுத்தல்தான் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் மூத்தவள் அப்படியே நேர் எதிர். யாரும் சொல்லாமலே கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறவள். அவளை வளர்த்தபோது நான் நல்ல அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவள் தானாக ஓடினாள், நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். அவ்வளவுதான்.

என் பயத்தையும் சொல்ல வேண்டும். அது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. என் அப்பா பால்மரம் சீவியவர். நான் படிவம் மூன்றில் இருந்தபோது எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, கொஞ்ச நாளில் அந்த இடத்தில் தரைவீடுகள் எழும்பின. வேலையோடு லயத்து வீடும் போனது. இந்த நாட்டில் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான். கையில் சான்றிதழ் இருந்த பிள்ளைகள் பட்டணத்தில் கால் ஊன்றினார்கள், இல்லாதவர்கள் பட்டபாடு நமக்குத் தெரியும். "படிச்சாத்தான்டா ஏற முடியும்" என்று அப்பா சொன்னது என் எலும்பில் இருக்கிறது. ஆகவே ஒரு நம் பிள்ளை சும்மா இருந்து சிரிக்கும்போது நமக்குக் கோபம் வருவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நமக்கு விற்கப்பட்ட தோட்டம் தெரிகிறது. அவனுக்கு அது தெரியாது.

ஆண்டு ஐந்தில் நான் முடிவெடுத்தேன், இவனை மாற்றியே தீருவது என்று. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் பெற்றோர் மனசில் அது இன்னும் நிற்கவில்லை. வாரத்தில் நாலு நாள் டியூசன். வீட்டுச் சுவரில் நட்சத்திர அட்டை, நூறு நட்சத்திரம் சேர்ந்தால் சைக்கிள். அது நடக்காதபோது பிரம்பு. பிரம்பைவிட வாய். "உன்னால ஒண்ணுக்கும் ஆகாது" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. கோயிலில் இளைஞர்களுக்கு அகிம்சை பற்றி வகுப்பு எடுத்துவிட்டு, அன்று இரவே சொல்லியிருக்கிறேன்.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு பாடத்தில் அடைவுநிலை 3இல் இருந்து 4க்குப் போனது. வேறு மாற்றங்களும் வந்தன. செவ்வாய்க்கிழமை தோறும் வயிற்று வலி. டியூசன் நோட்டில் பக்கம் கிழிந்திருந்தது. கேட்டால், "தெரியலப்பா." அவன் எனக்குச் சொன்ன முதல் பொய் அதுதான். ஒருநாள் அம்மா, சோறு போட்டுக்கொண்டே, "ஏன்டா, சின்னவன் பாடுறதே இல்லையே, கவனிச்சியா?" என்றார். நான் கவனிக்கவில்லை. குளியலறையில், காரில், சாப்பாட்டு மேசையில் எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளை எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் இளைஞர் வகுப்பில் பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம். முக்குணங்களின்படி செயல் செய்கிறவர்களை மூன்றாகப் பிரிக்கும் இடம். 26, 27, 28 ஆகிய மூன்று சுலோகங்கள். பல வருஷமாக நடத்தும் பாடம்தான். தாமசச் செயலாளிக்குச் சொல்லப்படும் அடையாளங்களில் சோம்பல் இருக்கிறது, வேலையை நாளைக்கு நாளைக்கு என்று இழுப்பது இருக்கிறது. 'நம்ம ஆளுதான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே பட்டியலில் 'விஷாதி' என்ற சொல்லும் இருக்கிறது. எப்போதும் சோர்ந்து துவண்ட மனம் உடையவன் என்று பொருள். வஞ்சகம், முரட்டுத்தனம், பிறருக்குக் கெடுதல் செய்வது எல்லாம் அதில் வருகிறது. என் மகனிடம் இவற்றில் எது இருந்தது? எட்டு மாதத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. இப்போது சோர்வு வந்திருந்தது, பொய் வந்திருந்தது. இரண்டும் என் கைங்கரியம்.

அடுத்து, அதற்கு முந்திய 27ஆம் சுலோகத்தைத் திரும்பப் பார்த்தேன். ராஜசச் செயலாளி: பலனுக்காக ஏங்குகிறவன், ஆசை மிகுந்தவன், பிறரைத் துன்புறுத்தும் இயல்புடையவன், கிடைத்தால் துள்ளுகிறவன், கிடைக்காவிட்டால் துவள்கிறவன். சுவரில் நட்சத்திர அட்டை ஒட்டி, கையில் பிரம்போடு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அன்றைக்குப் பாடத்தைப் பத்து நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டேன், தொண்டை வலி என்று சொல்லி.

இதை வைத்து, 'அப்படியானால் என் பிள்ளை சாத்விகன், மகான், ஞானி' என்று கிளம்பிவிடக் கூடாது. தமசும் சத்துவமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கும். சத்துவம் என்ற பெயரில் தமசில் மூழ்கிவிடாதீர்கள் என்று சுவாமி விவேகானந்தர் நம்மவர்களைக் கடுமையாகவே எச்சரித்தார். 1897இல் சென்னையில் பேசியபோது, இளைஞர்களுக்கு முதலில் உடல் பலம் வரட்டும், கீதையைப் படிப்பதைவிடக் காற்பந்து ஆடுவது உங்களைச் சொர்க்கத்துக்கு அருகில் கொண்டுபோகும் என்கிற பொருளில் சொன்னவர் அவர். திருக்குறளிலும் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று 60, 61, 62 அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. மடியை வள்ளுவர் எங்கேயும் செல்லம் கொடுத்துப் பேசவில்லை.

என்னை வழிநடத்தியது 26ஆம் சுலோகம்தான். சாத்விகச் செயலாளிக்கு இரண்டு குணங்கள் சேர்த்துச் சொல்லப்படுகின்றன: திருதி, உற்சாகம். திருதி என்றால் நிலைத்து நிற்கும் உறுதி. உற்சாகம் நமக்குத் தெரிந்த சொல்தான். நேர்மையாகச் சொன்னால் என் மகனிடம் இரண்டுமே குறைவு. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் என் தவறு. உற்சாகம் உள்ளே இருந்து வர வேண்டியது. அதை நான் ஊற்ற முடியாது, விலைக்கு வாங்கித் தரவும் முடியாது. உறுதி அப்படியில்லை. பல் துலக்குவது மாதிரி, பழக்கத்தால் வரக்கூடியது. ஆசை இல்லாதவனும் பழகலாம். அவனுக்கு இல்லாத ஆசையை விட்டுவிட்டு, அவனுக்குத் தரக்கூடிய பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நவீன ஆய்வுகளிலும் இதற்குத் துணை இருக்கிறது. 1956இல் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதியர் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனிக்கத் தொடங்கி, அவர்கள் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்தார்கள். துடிப்பு, விடாமுயற்சி, மனநிலை என்று ஒன்பது இயல்புகளைப் பிரித்துக் காட்டினார்கள். குழந்தையின் இயல்பு இன்னது என்பதைவிட, அந்த இயல்புக்கும் அதைச் சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்பது அவர்கள் கண்டது. நாம் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பிள்ளைக்கும் நமக்கும் பொருத்தம் பார்த்தால் என் வீட்டில் ஒன்றுகூடத் தேறாது. அதனால் பொருத்தத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதுவும் வயதில் மூத்தவர் வளைந்து.

இன்னொரு ஆய்வு என் நட்சத்திர அட்டையைப் பற்றியது என்றே சொல்லலாம். 1973இல் வெளிவந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பாலர்பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு வந்ததும் விளையாட்டு வேலையாகிவிட்டது. ஆசை இருக்கிற பிள்ளைக்கே இந்த நிலை. நம் சமய வகுப்புகளிலும் தேவாரம் மனப்பாடத்துக்குப் பரிசு வைக்கிறோம், வருஷா வருஷம் அதே நாலு பிள்ளைகள் வாங்குகிறார்கள். மைலோவுக்காகவும் நண்பர்களுக்காகவும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிற பிள்ளையைப் பற்றி நாம் கொஞ்சம் பேச வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. 'இது இவன் இயல்பு' என்று முடிவு கட்டும் முன் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே இப்படியா, திடீரென்று இப்படி ஆனானா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நின்றுவிட்டால் அது இயல்பு இல்லை. பள்ளியில் யாராவது மிரட்டலாம். கண் பார்வை, காது கேட்பது, இரத்தச் சோகை, எழுத்துக் கூட்டுவதில் சிரமம் என்று எதுவாகவும் இருக்கலாம். சிரிப்பும் பசியும் தூக்கமும் சேர்ந்து மாறினால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பாடமாட்டேன் என்று ஆன பிறகு நாங்களும் இவனைக் கூட்டிக்கொண்டு போனோம். கண், காது, இரத்தம் எல்லாம் சரியாக இருந்தன. மருத்துவர் அவனிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு, என்னைப் பார்த்து, "வீட்டுல யாரு ரொம்ப டென்சன்?" என்று கேட்டார்.

டியூசனை ஒன்றாகக் குறைத்தோம், மலாய்மொழிக்கு மட்டும். எஸ்பிஎம் சான்றிதழுக்கு மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்றதில் எத்தனை எடுத்தாலும் இந்த இரண்டும் போனால் சான்றிதழே கையில் வராது. ஆகவே இந்த இரண்டில் என்னிடம் சமரசம் கிடையாது என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். பிறகு தொழிற்கல்லூரியோ கியாட்மாராவோ, ஒரு கைத்தொழிலோ, அவன் போக்கில் பார்க்கலாம். நட்சத்திர அட்டையைக் கிழித்தேன். பிரம்பை அம்மா எங்கேயோ எடுத்துப் போட்டுவிட்டார், எங்கே என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக மூன்று வேலைகள். மாலையில் சாமி விளக்கு ஏற்றுவது. இரவுச் சோற்றுக்கு அரிசி கழுவிக் குக்கரில் வைப்பது. பாட்டிக்கு ஏழு மணி மாத்திரை. பரிசு இல்லை, திட்டும் இல்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது தானாகவே தெரியும்: சோறு இருக்காது. முதல் மூன்று மாதம் தினமும் சொல்ல வேண்டியிருந்தது, தினமும் என்றால் தினமும். எனக்கு அது பெரிய தவம். குரலை உயர்த்தாமல் ஒரே வாக்கியத்தை நூறு நாள் சொல்லிப் பாருங்கள், ஜபம் எவ்வளவு சுலபம் என்று தெரியும். இப்போது விளக்கும் அரிசியும் பெரும்பாலும் தானாக நடக்கின்றன.

படிப்புக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். தனியாக அறையில் விட்டால் ஒரு வரி எழுத மாட்டான். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் செய்கிறான். சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்தால் போதும். நான் சங்கக் கணக்கு எழுதுவேன், அம்மா பூ கட்டுவார், அவன் வரலாறு படிப்பான். நாற்பது நிமிஷம். அதற்கு மேல் கேட்பதில்லை. இந்த நாற்பது நிமிஷத்துக்காக நான் இரண்டு செயற்குழுவிலிருந்து விலக வேண்டிவந்தது, சில நண்பர்களுக்கு என்மேல் வருத்தம்கூட.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஜடபரதர் கதை உங்களுக்குத் தெரியும். பல்லக்குத் தூக்கும்போது எறும்பை மிதிக்காமல் நடந்து, பல்லக்கு ஆடி, ரகூகண மன்னன் கோபப்பட்ட கதை. வகுப்பில் அந்தப் பகுதியைத்தான் சொல்வோம். அதற்கு முன்னால் வரும் அவருடைய தந்தையை நான் இப்போதுதான் கவனித்தேன். மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். மாதக்கணக்காக காயத்ரியைச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறார், பையன் பிடிபடவே இல்லை, தந்தை விடவும் இல்லை. எண்ணம் நிறைவேறாமலே இறந்துபோகிறார். என் மகன் ஜடபரதர் இல்லை, எறும்பைக் கண்டால் அவனும் மிதிப்பான். ஆனால் அந்தத் தந்தை எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அன்பும் கடமையும் நிறைய இருந்தும், தன் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

என் மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "நீங்க ஒரேயடியா இழுத்தீங்க, இப்ப ஒரேயடியா விட்டுட்டீங்க" என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். போன தவணைக் கணிதம் மோசம்தான். இவனுக்கு 25 வயதாகும்போது வீட்டு வாடகை யார் கட்டுவது என்ற கேள்வி எனக்கும் இரவில் வரும். முன்பு அந்தப் பயத்தை அப்படியே அவன் தலையில் இறக்கிவைத்தேன். இப்போது மனைவியிடம் பேசுகிறேன், முருகனிடம் பேசுகிறேன்.

இதைப் படிக்கும் இளைஞர்களில் சிலர் அந்தப் பிள்ளையாகவே வளர்ந்திருப்பீர்கள். 'மக்கு', 'தூங்குமூஞ்சி' என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெரிய கனவு இல்லாதது குற்றம் இல்லை. ஆனால் உங்கள் தட்டை யார் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் நிம்மதிக்கு வீட்டில் வேறொருவர் இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் சந்தோஷம் இல்லை. பதஞ்சலி நியமங்களில் சந்தோஷத்தை வைத்தவர், அதற்கு அடுத்தபடியே தவத்தையும் வைத்திருக்கிறார்.

அவன் மறுபடி பாட ஆரம்பித்தது எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. நிறுத்திய நாளும் தெரியாது, தொடங்கிய நாளும் தெரியாது. ஒருநாள் குளியலறையில் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் இடைநிலைப்பள்ளி விளையாட்டுப் போட்டி. எந்த ஓட்டத்துக்கும் பேர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"தண்ணி கொடுக்க ஆளு வேணும்னு கேட்டாங்கப்பா. நான் கை தூக்கிட்டேன்."

"சரி. பாட்டிக்கு மாத்திரை கொடுத்தியா?"

மணி ஏழே முக்கால். "ஐயோ, மறந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனான்.